எந்தக் கையில்?

8 ஜூன் 2025, ஞாயிறு

மனைவி சந்திரலேகாவோடு சண்டை. தபால் வழியில் உளவியல் முதலாண்டு படிக்கிறாள். சிதம்பரத்தில் வகுப்பு முடிந்து செம்மண்டலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓர் ஆய்வைச் சொன்னாள். ஒரே கார் விபத்தைப் பலருக்குப் படமாகக் காட்டியிருக்கிறார்கள். ‘மோதியபோது என்ன வேகம்?’ என்று கேட்டால் ஒரு பதில். ‘நொறுங்கியபோது’ என்று கேட்டால் வேகம் கூடிவிடுகிறது. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத கண்ணாடிச் சில்லுகளையும் பார்த்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

“இளவரசிகிட்ட நீங்க கேட்ட மாதிரிதாங்க.”

முப்பத்தோரு வருஷம் செய்தி எழுதியவனிடம், இரண்டு பாடம் படித்தவள்! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

9 ஜூன்

கோபம் குறையவில்லை.

இளவரசி தையல் கடை வைத்திருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன் புவனகிரி சாலையில் அவர் கடைக்கு எதிரே மினி பஸ் மோதி, சைக்கிளில் வந்த ராஜாமணி இறந்தார். ஓட்டுநர் கொளஞ்சி செல்போனைப் பார்த்தபடி ஓட்டினார் என்று முதலில் எழுதியவன் நான். இளவரசி சொன்னதைத்தான் எழுதினேன். போலீசிலும் கோர்ட்டிலும் அவர் அதையே சொன்னார். 18ஆம் தேதி மறுபடி விசாரணை. கொளஞ்சிக்குச் சிறை நிச்சயம் என்கிறார்கள். இதில் என் தவறு எங்கே வந்தது?

10 ஜூன்

பழைய நோட்டை எடுத்தேன். என் வழக்கம்: இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில்.

இடப்பக்கம்: போனை எந்தக் கையில் வைத்திருந்தான்?
வலப்பக்கம்: வலது கை.

அதற்கு முன் வலப்பக்கத்தில் போனே இல்லை. நான்கு முறை பார்த்தேன். இல்லை.

பிறகு எங்கிருந்து வந்தது? கூட்டத்தில் எவனோ சொன்னான் — “போனைப் பாத்துக்கினு வந்திருப்பான்.” அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ‘போன் இருந்ததா?’ என்று கேட்டால் ஆட்கள் தயங்குவார்கள். இருந்ததாகவே வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வந்துவிடும். தொழில் தந்திரம். சந்திரலேகாவிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். மடையன்.

12 ஜூன்

இளவரசியைப் பார்த்தேன்.

“என் கண்ணால பாத்தேன் சார். வலது கை. கருப்பு போன், செவப்பு கவர்.”

கவரா? “அன்னிக்கி கவர் சொல்லலியேம்மா?”

மெஷினை நிறுத்திவிட்டு முறைத்தார். “அப்ப நான் பொய் சொல்றனா? நீங்கதான பேப்பர்ல போட்டீங்க!”

பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

13 ஜூன்

செய்தி ஆசிரியர் ஸ்ரீதர்: “நம்மள நாமளே கோர்ட்ல போய் நாறடிச்சிக்கணுமா? பேசாம இருங்கண்ணே.”

பேசாமல் இருப்பதற்கா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்?

14 ஜூன்

கொளஞ்சியைக் குறிஞ்சிப்பாடியில் கண்டுபிடித்தேன். லாரியிலிருந்து செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார். நோட்டைக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மூணு வருஷமா எங்க சார் போயிருந்தீங்க?”

பிறகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

“மொதல்ல இல்லன்னுதான் சொன்னேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்பல்லாம் கண்ண மூடுனா என் கையில போன் தெரியுது சார். இருந்துச்சா, இல்லியா? நீங்களே சொல்லுங்க.”

என்னிடம் கேட்கிறார். என்னிடம்! சே.

அங்கிருந்தே அவருடைய வக்கீலைக் கூப்பிட்டேன். நான் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

18 ஜூன்

சிதம்பரம் கோர்ட். சாட்சிக் கூண்டில் நின்று நோட்டைக் கொடுத்தேன்.

“அப்ப நீங்க எழுதுனது பொய்யா?” என்றார் அரசு வழக்கறிஞர்.

“தெரியாது.”

“போன் இருந்துச்சா?”

“தெரியாது. அதை நான் கேக்கவே இல்ல.”

கூட வந்திருந்த சந்திரலேகா, திரும்பும் பேருந்தில் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

20 ஜூன்

இனிமேல் விபத்துச் செய்தி எனக்கு வேண்டாம் என்று ஸ்ரீதர் சொல்லிவிட்டார்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

திருவந்திபுரம் போக மினி பஸ் ஏறினோம். ஓட்டுநர் இருக்கையில் கொளஞ்சி. வழக்கிலிருந்து விடுதலையாகி மூன்று மாதம் ஆகிறது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சிரிக்கவில்லை. வண்டியை எடுக்கும் முன், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

“தெனம் இதே கூத்து” என்றான் கண்டக்டர். “பொண்டாட்டி கூப்புட்டாக்கூட நான்தான் திட்டு வாங்கணும்.”

“வெச்சிக்கடா. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல.”

இறங்கும் வரை அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங் மட்டும்தான் இருந்தது.