உனக்குச் சனி, எனக்கு ஞாயிறு

என் அன்புக்குரிய ரீட்டா அக்காவுக்கு,

வின்னிபெக்கில் நீ இப்போது இல்லை. திண்டுக்கல்லுக்கு இன்னும் வந்து சேரவும் இல்லை. உன் சாம்பல் உன் மகள் ஷெரினின் அலமாரியில் இருக்கிறதாம். நீ இறந்த தை மாதத்தில் அங்கே மைனஸ் முப்பது, மண்ணெல்லாம் பாறையாகக் கிடந்தது என்றாள். வாழ்நாள் முழுவதும் நீ புகழ்ந்த ஊர் அல்லவா அது?

உன் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி இல்லாமல் வீடு நிம்மதியாக இருக்கிறது. நான் முதல் பூசைக்குச் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உனக்குச் சனிக்கிழமை சாயங்காலமும் பேச்சும் தொடங்கும். "அங்க இன்னும் தண்ணி லாரிதானா? இங்க குழாயைத் திறந்தா சுடுதண்ணி." சித்திரை மதியத்தில் எங்கள் மாடித் தொட்டியும் சுடுதண்ணி தருகிறது அக்கா. அதற்குப் பில் வருவதில்லை.

என் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் நீ கேட்டது, "அங்க இப்ப எத்தனை டிகிரி?" நாற்பத்தொன்று என்றேன். "ஐயோ, எப்படித்தான் இருக்கியோ!" என்றாய். நீ இரங்கியது என் வெயிலுக்கு. அவருக்காக ஒரு சொல் சொன்னாயா?

அதையும் விட்டுவிடலாம். அம்மா விஷயத்தை எப்படி விடுவது?

அம்மா சனிக்கிழமை விடியற்காலையில், கோயிலில் முதல் மணி அடிக்கும்போது, என் கையில் தலைவைத்துப் போனார். உடனே உன்னைக் கூப்பிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை மாலை. நீ அடக்கத்துக்கு வரவில்லை. பனிப்புயல் என்றாய், சரி. ஆனால் அந்த ஆண்டு முதல் உன் ஊர்க் கோயிலில் அம்மாவின் நினைவுப் பூசையை வெள்ளிக்கிழமைத் தேதியில் வைத்தாய். அம்மா கஞ்சி குடித்துவிட்டு, உப்பில்லை என்று என்னைத் திட்டிய நாள் அது. உயிரோடு இருந்தவளுக்கு ஆண்டுதோறும் பூசை வைத்தாய்.

"தேதியை மாத்து அக்கா" என்று எத்தனை முறை சொன்னேன்?

"எனக்குச் சேதி வந்தப்ப இங்க வெள்ளிதானடி. எனக்கு அம்மா வெள்ளிக்கிழமைதான் செத்தாங்க."

கான்வென்ட்டில் புவியியலில் நீ வாங்கிய மதிப்பெண் எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்படியா?

இப்போது நீ, அம்மாவின் கல்லறையில் உன்னைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். "அந்தப் புழுதியில என்னைப் போட்றாதீங்க" என்று சொன்ன வாய்தானே? குடும்பக் கல்லறை என் பெயரில் இருக்கிறது. நான் சம்மதிக்காமல் அதைத் திறக்க முடியாது. முடியாது என்றுதான் ஷெரினிடம் சொன்னேன். அவள் அழுதாள். உன்னைப் போலவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிறாள், கேட்கச் சகிக்கவில்லை. மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"கொண்டு வா. கல்லில் ஞாயிற்றுக்கிழமைத் தேதிதான் வெட்டுவேன். சம்மதமா?"

"சித்தி, அம்மா இறந்தது சனிக்கிழமை. நான் பக்கத்துல இருந்தேன்."

"உன் பாட்டி பக்கத்தில் நான் இருந்தேன். உன் அம்மா கேட்டாளா? எனக்குச் சேதி வந்தது ஞாயிறு. அவள் போட்ட சட்டம்தான்."

மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சரி சித்தி" என்றாள். உன் மகளுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது.

இன்று காலை கல்லில் எழுத்து வெட்டும் அந்தோணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, நீங்க ஒரு தேதி சொல்றீங்க, பேரைக் கேக்கப் போன் பண்ணினப்ப, அவங்கம்மா போனது முந்தின நாள்னு அந்தப் பாப்பா சொல்லிச்சு. மனுசி செத்தது ஒருக்காதானம்மா?"

"ஒருக்காதான். நான் சொன்னதை வெட்டுங்க."

"செத்தவங்க கோவிச்சுக்குவாங்கம்மா."

"கோவிச்சா ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. நான் பேசிக்கிறேன்."

வெட்டிவிட்டார். அம்மாவின் காலடியில் உனக்கு இடம். தலைமாடு எனக்கு, அதில் பேச்சே இல்லை. ஷெரின் உன்னைச் சித்திரையில் கொண்டுவருகிறாள். கையை வைத்தால் தோல் உரியும் அந்தக் கல். எத்தனை டிகிரி என்று இனி யாரிடம் கேட்பாய்?

உன் சேதி வந்த அந்த ஞாயிறு விடியலில் தொலைபேசி அடித்தபோது நீதான் என்று நினைத்து எடுத்தேன். "சொல்லு, அங்க எத்தனை டிகிரி?" என்று முதல்முறையாக நானே கேட்டேன். மறுமுனையில் ஷெரின்.

கல்லைப் படிப்பவர்கள் நீ ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்தாய் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். ஊர் வந்து சேர அந்த ஒரு நாள் உனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

நான் இருக்கும்வரை அம்மாவுக்குச் சரியான தேதியிலும் உனக்குத் தவறான தேதியிலும் பூசை வைப்பேன். ஓர் ஆண்டும் தவறாது. இது என் வாக்கு.

உன்னிடம் இன்னும் கோபம் தீராத,
உன் ஒரே தங்கை
ஸ்டெல்லா