நெல் மூட்டைக்கு ஏற்ற சொக்

சிவமயம்

நறுவிலிக்குளம்

அன்பு மகள் துசாந்தினிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையால் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அப்பா சுகம், மாடுகள் சுகம், அப்பாவின் மூன்று சில்லு மோட்டார் சைக்கிள் எல்லோரையும்விடச் சுகம், இடுப்பு நோவில் என் நாரிதான் கொஞ்சம் பிந்தி நிற்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுகிறார், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

குண்டும் குழியுமான றோட்டில் என் நாரி நோகக்கூடாது என்று நீ நோர்வேயிலிருந்து அனுப்பிய, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சொக் அப்சோபர் இரண்டும் வந்து சேர்ந்தன. ஒரு கால் இல்லாத மனுசன் யாரையும் கெஞ்சாமல் வயலுக்குப் போய்வருவதும், நான் பின்னால் இருந்து மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவதும் அந்த வண்டியில்தானே. சொக்கில் உள்ள வளையத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை திருப்பலாம், ஒன்று மெது, ஐந்து இறுக்கம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அப்பாவும் தலையாட்டினார். ஆனால் மெக்கானிக் யசோதரன் அடம்பனிலிருந்து வந்து சொக்கை வண்டியில் பூட்டிய அன்று வேப்பமரத்தடியில் ஒரு மாநாடே கூடிவிட்டது. தலைமை அடுத்த வீட்டுத் தங்கையா. அவரிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை.

எங்கள் ஊரில் எந்த வண்டியையும் நெல் மூட்டை ஏற்றித்தானே சோதிப்பார்கள். ஒன்றில் வைத்து மூன்று மூட்டை ஏற்ற, சொக் பதிந்தது, எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஐந்தில் வைத்தார்கள், அசையவில்லை, எல்லோருக்கும் பரம திருப்தி. ஒண்டில வைக்கிறதுக்கோ பிள்ளை உவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பினவள் என்று அப்பா கேட்டார். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன், கிளினிக்குக்குப் போகப்போவது மூட்டையா நானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிளினிக் நாளன்று முதலாவது மதகிலேயே நான் எழும்பி விழுந்த வேகத்தில் கண் இருண்டுவிட்டது. இறங்கி பஸ்ஸில் போனேன். பின்னுக்குப் பாரம் காணாது, அதுதான் வண்டி தூக்கியடிக்குது என்று கண்டுபிடித்த அப்பா, அடுத்த நாளே என் இடத்தில் ஒரு நெல் மூட்டையைக் கட்டிவிட்டார். அந்த மூட்டை கோயிலுக்குப் போனது, கலியாண வீட்டுக்குப் போனது, மழைக்குப் பொலித்தீனும் போர்த்திக்கொண்டது. கட்டின மனுசி நாரியைப் பிடித்தபடி பஸ்ஸில் தொங்க, மூட்டை ராசாத்தி மாதிரிப் போகிறது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது பிள்ளை. ஒன்றுக்குக் குறையுங்கோ என்றால், குறைச்சால் சனம் என்ன சொல்லும் என்கிறார்.

போன கிழமை ஆம்பிளைகள் எல்லோரும் வயல் விசயம் பேசும் கமக்காரர் கூட்டத்துக்கு ட்ரக்டரில் போன நேரம், தங்கையாவின் மனைவி சிவராணியும் நானும் சொக்கோடு வந்த கொக்கிச் சாவியைப் போட்டு இரண்டையும் ஒன்றுக்குத் திருப்பிவிட்டோம். மூட்டையை மில்லுக்கு அனுப்பிவிட்டேன், இப்போது சோறாக வந்துகொண்டிருக்கிறது. மூட்டை இல்லாததால் அப்பா அரை மனதோடுதான் என்னை ஏறச் சொன்னார். மதகு தாண்டியதும் மெல்லத் திரும்பி, பாத்தியே, ஐஞ்சில வைச்சது இப்பதான் பழகி வருது என்றார். நான் ஓம் என்றேன். மன்னார்வரை நாரி நோகவில்லை. எவ்வளவு நாளைக்குப் பிறகு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனேன் தெரியுமா, சந்தோசமாக இருந்தது.

அப்பா இப்போது ஊரெல்லாம் ஐந்தின் பெருமை பேசுகிறார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் தங்கள் மோட்டார் சைக்கிள் சொக்கையும் ஐந்துக்கு இறுக்கிவிட்டார்கள். நேற்று அவர்களுடைய மனைவிமார் நாரியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். கொக்கிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

குளிருக்கு நல்லெண்ணெய் வைத்துத் தோய், பிள்ளைகளோடு தமிழில் கதை. அப்பா ஐந்து என்று தொடங்கினால் நீயும் மறுக்காமல் கேட்டுக்கொள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. சிவக்கொழுந்து