கார்டில் போட்டபடி

4 ஜூன் 1973, திங்கள்

இன்றும் ஒரு மறுப்பு. மாலைப் பத்திரிகையின் மூலையில் சின்னதாக வந்திருந்தது: எண்ணூர் முகத்துவாரத்து மீனில் மண்ணெண்ணெய் வாடை, கூடைக்காரிகளிடம் யாரும் வாங்குவதில்லை, ஆலைக் கழிவுதான் காரணம் என்று குப்பத்தார் புகார். பரந்தாமன் சார் அதை வெட்டி என் டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அரசாங்க ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். நான் அவருக்கு உதவியாளர். சேர்ந்த நாளிலிருந்து நான் தட்டுவது ஒரே பல்லவிதான்: "வதந்திகளை நம்ப வேண்டாமெனப் பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

டீ குடித்துவிட்டு வந்து பாடம் நடத்தினார். பத்திரிகையிலிருந்து வந்தவர், பேச்சு இனிக்கும். "மறுக்காத செய்தி ஒத்துக்கிட்ட செய்திம்மா. ஒரு மனு போச்சுன்னா ஃபைல் பார்க்கிறவன் முதல்ல கேக்கிறது, இந்தச் செய்திக்கு மறுப்பு வந்துதான்னுதான். வரலைன்னா உண்மைன்னு முடிச்சிடுவான்."

"விசாரிச்சுட்டு மறுக்கலாமா சார்?" என்றேன். நான் ஏதோ தமாஷ் பண்ணியதுபோல் சிரித்தார். பிறகு, "போய்ட்டு வாயேன். 'நேரில் விசாரித்ததில்'னு ஒரு வரி சேர்த்துக்கலாம்" என்றார்.

ஆகஸ்டில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஃப்ளோரன்ஸ், வாயை மூடிக்கொண்டு இரு.

5 ஜூன், செவ்வாய்

குப்பத்துக்குப் போனேன். கெங்கம்மா என்று ஒரு பெண்பிள்ளை. புருஷன் முகத்துவாரத்தில் வலை போடுகிறான், இவள் கூடை தூக்குகிறாள். ஆலையிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு மடவை மீனை எடுத்து நேரே என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாரும்மா. மூஞ்சத் திருப்பாத, நல்லா மோந்து பாரு. மீனு வாடையா அடிக்கிது? ஸ்டவ்வு வாடை அடிக்கிது!"

அடித்தது. சத்தியமாக அடித்தது. ராயபுரத்தில் மீன் நாற்றத்திலேயே வளர்ந்தவள் நான். எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

"வாங்க ஆளு இல்ல. அதனால நாங்களே துன்னுகினு கீறோம். எங்க புள்ளைங்க இத்தத்தான் துன்னுது. ஒங்க சார வரச் சொல்லு. எங்க எதிர்ல குந்திகினு துன்னு காட்டச் சொல்லு. அப்பால எழுதட்டும் வதந்தின்னு."

திரும்பி வந்து அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அவர் முகம் சுளிக்கும் என்று நினைத்தேன். மலர்ந்துவிட்டது!

"துன்னு காட்டணுமா? காட்டலாமே! பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுவோம். கோட்டையிலேர்ந்து செயலாளரைக் கூப்பிடுவோம். கெஸ்ட் ஹவுஸ்ல விருந்து, எல்லாருமா எண்ணூர் மீனைச் சாப்பிடறோம், போட்டோ எடுக்கிறோம். ஆயிரம் மறுப்புக்குச் சமம்மா இது!"

அவள் வீசிய சவாலை இவர் தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டார். நான்தான் தாம்பாளம்.

11 ஜூன், திங்கள்

விருந்துக்கு அச்சிடும் கார்டின் நகல் மேஜைக்கு வந்தது. ஆர்ட் பேப்பர், தங்க ஓரம். நடுவில் கொட்டை எழுத்தில்: "எண்ணூர் முகத்துவார வஞ்சிரம் வறுவல்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வஞ்சிரம் முகத்துவாரத்துக்கு எங்கே வரும்? அது ஆழ்கடல் மீன். எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். "சார், இதை மீன் தெரிஞ்சவங்க பார்த்தா மானம் போயிடும்" என்றேன்.

"அப்ப என்ன போடலாம்?"

"கொடுவா போடுங்க. அது கடல்லயும் கிடைக்கும், ஆத்துலயும் கிடைக்கும்."

"சபாஷ்! இதுக்குத்தான் ராயபுரத்துப் பொண்ணு வேணுங்கறது. உங்க அண்ணன் போட்டுல பெரிய கொடுவாவாப் பார்த்து எடுத்து வரச் சொல்லு. காசிமேட்டு மீன்னா சுத்தமா இருக்கும்."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முகத்துவார மீனைச் சமைக்கவே போவதில்லை! வஞ்சிரம் என்றே விட்டிருந்தால் பொய் தன்னால் வெளுத்திருக்கும். அதைத் திருத்தி, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தது யார்? நான். கேட்காமலே கொடுத்தேன். பாராட்டும் வாங்கிக்கொண்டேன். சே!

13 ஜூன், புதன்

கேட்டுவிட்டேன். "சார், காசிமேட்டு மீனை எண்ணூர் மீன்னு போடறது பொய்தானே?"

கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது. எனக்கு அதுதான் எரிச்சல். "எண்ணூர்ல சமைக்கிறோம், எண்ணூர்ல பரிமாறறோம். எண்ணூர் மீன்தானே? நாம பொய் சொல்றவங்க இல்லம்மா. நிஜத்துல எந்தப் பக்கத்தைக் காட்டறதுன்னு பார்க்கிறவங்க."

விருந்தன்று பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய செய்திக் குறிப்பை இப்போதே தயார் பண்ணச் சொன்னார். பண்ணினேன். "விருந்தினர்கள் எண்ணூர் முகத்துவாரக் கொடுவாவைச் சுவைத்து மகிழ்ந்தனர்." விருந்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மகிழ்ச்சி சைக்ளோஸ்டைல் ஆகிவிட்டது.

17 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் கார்டைக் காட்டினேன். ஆர்டர் கிடைத்ததில் நேற்றுவரை தலைகால் புரியாமல் இருந்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"இன்னா பாப்பா இது? முகத்துவாரக் கொடுவாவா? உப்புத்தண்ணி குட்சி, ராவெல்லாம் முழிச்சி நான் புட்சாந்த மீனுக்கு ஆத்து மீனுன்னு பேரா? எம் புள்ளைக்கு எவனோ இனிசியல் போட்டா மாரி கீது!"

"கோபப்படாதண்ணே, ஒரு வேளை விருந்துதானே..."

"போ பாப்பா. அவங்க மீனுல கோளாறு இல்லேன்னா அவங்க மீனயே வாங்கிப் போட வேண்டியதுதானே? எம் மீனு இன்னாத்துக்கு? தர மாட்டேன். ஒன் சாருகிட்ட சொல்லிடு."

அண்ணனுக்கு நியாயம் அநியாயம் பற்றியெல்லாம் கவலையில்லை. ரோஷம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த ரோஷம் ஏன் முதலில் வரவில்லை? நான் தட்டிய வார்த்தைகள் என்னுடையவை இல்லையா? அவருக்கு மீன் மாதிரி எனக்கு அவைதானே?

18 ஜூன், திங்கள்

அண்ணன் தர மாட்டேன் என்றதைச் சொன்னேன். பரந்தாமன் சார் ஃபோனில் இருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "வேற எங்கயாவது வாங்கிடும்மா, உன் பொறுப்பு" என்றார்.

"சரி சார். கார்டுல போட்டபடியே வாங்கிடறேன்."

"குட்" என்றார்.

சாயந்திரம் குப்பத்துக்குப் போய்க் கெங்கம்மாவைப் பார்த்தேன். கொடுவா வேண்டும், கார்டில் போட்டபடி, உங்கள் ஆற்றிலேயே பிடித்தது வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மெய்யாலுமே துன்னப் போறாங்களா?" என்றாள். நீங்களே வந்து பாருங்கள் என்றேன்.

பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டுமே.

20 ஜூன், புதன்

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள். ஆலை டைரக்டர், கோட்டையிலிருந்து செயலாளர், பத்திரிகைக்காரர்கள், போட்டோக்காரர். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் தங்க ஓரக் கார்டு. வந்தவர்கள் கையில் என் செய்திக் குறிப்பு, கவரில் போட்டு. கெங்கம்மாவை நான்தான் உள்ளே அழைத்து வந்தேன். ஹாலுக்குள் வர மாட்டேன் என்று சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கொடுவா வறுவல் வந்தது. மசாலா வாடைதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே அதுவும் வந்தது.

பரந்தாமன் சார் மூக்கை உறிஞ்சினார். வாசற்படியைப் பார்த்தார். என்னிடம் வந்து காதோடு, "யாரும்மா அது?" என்றார்.

"மீன் குடுத்தவங்க சார். குப்பத்துக் கெங்கம்மா."

"காசிமேட்டு மீன் இல்லையா?"

மெல்லச் சொல்லியிருக்கலாம். ஏன் மெல்லச் சொல்ல வேண்டும்? எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "இல்ல சார். கார்டுல என்ன போட்டிருக்கோ அதான். எண்ணூர் முகத்துவாரக் கொடுவா. இன்னைக்குக் காலைல பிடிச்சது. குப்பத்துல தினமும் சாப்பிடறாங்க. நீங்களும் சாப்பிடலாம்."

செயலாளர் ஒரு துண்டைக் கையில் எடுத்திருந்தார். போட்டோக்காரர் காமிராவைத் தூக்கினார். அப்போது, கர்த்தரே, பரந்தாமன் சாரே பாய்ந்து போய்ச் செயலாளர் தட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்! "வேண்டாம் சார், ஆறிப்போச்சு, வேற கொண்டுவரச் சொல்றேன்" என்கிறார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாலைப் பத்திரிகை நிருபர் யேசுதாஸ் எழுந்தார். ஒல்லியான ஆள். "சாப்பிடத்தானே சார் கூப்பிட்டீங்க? ஏன் எடுக்கறீங்க?" பரிமாறியவர்கள் ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கோழி வந்தது.

சமையலறைப் பக்கம் போனேன். கெங்கம்மா படியில் உட்கார்ந்து, திரும்பி வந்த தட்டு ஒன்றை மடியில் வைத்து முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். "வீணாப் போவுதே" என்றாள்.

21 ஜூன், வியாழன்

காலைப் பத்திரிகைகள் இரண்டிலும் "சுவைத்து மகிழ்ந்தனர்." என் வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிருபர்கள்! எச்சில் கையால் இதை எழுதிக் கொடுத்தார்களா?

மாலை: யேசுதாஸ் பத்திரிகையில் பெட்டிச் செய்தியாகக்கூட இல்லாமல் நான்கு வரி. "எண்ணூர் மீனில் குறையில்லை எனக் காட்ட ஆலை நிர்வாகம் விருந்தளித்தது. முகத்துவாரக் கொடுவா பரிமாறப்பட்டது. யாரும் சாப்பிடவில்லை. பின்னர் கோழி பரிமாறப்பட்டது."

திட்டவில்லை, குற்றம் சாட்டவில்லை. நான்கு வரி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

22 ஜூன், வெள்ளி

டைரக்டர் அறை. என் நிரந்தர உத்தரவு மேஜைமேல் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. எனக்குத் தெரியட்டும் என்றே என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மாலைப் பத்திரிகைச் செய்திக்கு மறுப்பு எழுத வேண்டுமாம். விருந்தினர் அனைவரும் சாப்பிட்டார்கள் என்று.

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று டைரக்டரைக் கேட்டேன். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க, இப்பவே தட்டறேன்."

"வெளியே போ" என்றார். போனேன். என் மேஜைக்கு வந்து, டைப்ரைட்டரில் காகிதம் சொருகி, தலைப்பாக "மறுப்பு" என்று மட்டும் தட்டினேன். கீழே ஒன்றும் தட்டாமல் அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்தேன். பரந்தாமன் சார் வாசல் வரை வந்தார். "பிழைக்கத் தெரியாதவளா இருக்கியேம்மா. நீ போ, அதை நான் எழுதிக்கறேன்" என்றார். குரலில் இனிப்பு இல்லை. முதல் தடவையாக ஒரு மனுஷன் பேசியதுபோல் இருந்தது.

25 ஜூன், திங்கள்

மறுப்பு வரவில்லை. வேலை போன உத்தரவு வந்தது.

29 ஜூன், வெள்ளி

இராயப்பர் திருநாள். தெருவெல்லாம் தோரணம், மேளம். எங்கள் பேட்டைக்கே பேர் கொடுத்த புனிதர், கர்த்தரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுத்தவர்தான். குளிர்காயப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார், பாவம். நானும் மாதச் சம்பளத்தில் குளிர்காய்ந்தவள்தான். எத்தனை மறுப்பு தட்டியிருப்பேன்? அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. அது போதும்.

இன்றும் பத்திரிகை பார்த்தேன். மறுப்பு வரவில்லை. என்ன செய்கிறார் மனிதர்?

16 ஜூலை, திங்கள்

தண்டையார்ப்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்துவிட்டேன். பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி வாக்கியம் நானே தயாரிக்கிறேன். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என் வகுப்பில் கிடையாது.

8 ஆகஸ்ட், புதன்

கெங்கம்மா வீடு தேடி வந்தாள். கூடையை இறக்கவே இல்லை, அவ்வளவு அவசரம்.

குப்பத்துப் பெண்களெல்லாம் அந்த நான்கு வரியை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு அரசாங்க ஆபீசில் மனுக் கொடுக்கப் போனார்களாம். பெரிய ஆபீசர் படித்துவிட்டு குமாஸ்தாவைக் கூப்பிட்டாராம். "'இதுக்கு மறுப்பு வந்துதா'ன்னு கேட்டாரு. அவன் ஃபைலயெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, வர்லீங்கறான். 'அப்ப மெய்தானே, மறுக்கலியே'ன்னு அவரே சொல்லிகினு கையெழுத்துப் போட்டாரும்மா! நேத்து ஆபீசுலேந்து ரெண்டு பேரு வந்து, கழிவு வர்ற ஆலைக் குழாயாண்ட தண்ணியப் பாட்டிலு பாட்டிலா ரொப்பிகினு போனாங்க."

பரந்தாமன் சார் லீவில் போய்விட்டாராம். நான் சொருகி வைத்த காகிதத்தை என்ன செய்தார்? தலைப்புக்குக் கீழே அவருக்கும் ஒன்றும் வரவில்லையா? தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரியவில்லை. பாட்டிலில் ரொப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள், அதுவரை நடந்திருக்கிறது.

கிளம்பும்போது கெங்கம்மா திரும்பினாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "எல்லாம் சரி, யாரும் சாப்பிடலன்னு போட்டுக்கீறானே அந்தப் பேப்பர்காரன். நான் துன்னேனே? நான் யாரும் இல்லியா?"

அவள் போய்விட்டாள். அந்த நான்கு வரியை எத்தனை தரம் படித்திருப்பேன், கண்ணில் படவில்லையே எனக்கு. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

பிறகு காகிதம் எடுத்தேன். நாளைக் காலை யேசுதாஸுக்குத் தபாலில் போய்விடும்:

மறுப்பு. எண்ணூர் விருந்து பற்றி ஜூன் 21 அன்று தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியில் ஒரு பிழை. யாரும் சாப்பிடவில்லை என்பது தவறு. கெங்கம்மா சாப்பிட்டார்.