நரகாசுரனின் அம்மா கேட்டது

அக்கா,

காலையில் காய்ச்சிய நல்லெண்ணெயின் வாசனை இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை. மிளகும் ஓமமும் போட்டு, நீங்கள் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சினேன். இன்று தீபாவளி. நீங்கள் இல்லாமல் வந்த முதல் தீபாவளி.

பெரார்கஞ்சுக்கு நாங்கள் குடிவந்த வருடம் உங்களுக்கு வந்த சிரிப்பு நினைவிருக்கிறதா? மதுரையில் செய்வதுபோல் ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து கதவைத் திறந்தால் வயலெல்லாம் வெயில். இந்தத் தீவில் சூரியன் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எண்ணெய்க் கிண்ணத்தோடு திருதிருவென்று விழித்த என்னை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் குளித்துத் தலை துவட்டியாகிவிட்டது.

"அரே, இது மெயின்லேண்ட் டைம் இல்லம்மா. நரகாசுரன் செத்து எவ்வளவோ நேரமாச்சு. பர்வாயில்ல, ஜல்தி உட்காரு" என்று வந்து, நீங்களே என் உச்சியில் எண்ணெய் வைத்தீர்கள்.

தேய்த்துக்கொண்டே கதையும் சொன்னீர்கள். சாகும்போது அசுரன்தான் வரம் கேட்டான் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் எங்க கேட்டான்? அவன் அம்மா பூமாதேவி கேட்டா. என் புள்ள போன நாள்ல ஒருத்தர் தலையும் எண்ணெய் இல்லாம காயக்கூடாதுன்னு."

"புள்ள செத்த நாள்ல எந்த அம்மாக்கா இப்படிக் கேப்பா?"

கிண்ணத்திலிருந்து இன்னொரு கை எண்ணெய் எடுத்தீர்கள். "நான் கேப்பேன்" என்றீர்கள்.

கார் நிக்கோபாரில் உங்கள் மூத்தவனைக் கடல் கொண்டுபோனது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதன் பிறகு வந்த தீபாவளிகளில் உங்கள் கிண்ணம்தான் தெருவுக்கே பொது. பெங்காலி வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து தலையை நீட்டுவார்கள்.

நேற்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள்: "அம்மா போயி ஒரு வருஷம் ஆகல சித்தி. எங்களுக்குத் தீபாவளி கிடையாது." துக்க வீட்டு வழக்கம் அதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த நாளில் அவள் தலை காய்ந்து கிடக்கப்போகிறதே என்று என் மனசு அடித்துக்கொண்டது. பூமாதேவி மாதிரி நீங்களும் கேட்டிருப்பீர்களே, அக்கா.

இருட்டு பிரியுமுன் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். "பட்டாசு வேணாம், புதுத்துணி வேணாம். எண்ணெய் மட்டும் வச்சுக்கோ."

"பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க சித்தி?"

நரகாசுரனின் அம்மா கேட்டதைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத கதையா? இருந்தாலும் முழுக்கக் கேட்டாள். அழுதாள். பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள்.

தேய்த்து முடித்ததும் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்ப நீங்க உட்காருங்க."

அவளுக்கும் உங்களைப் போலவே கனத்த கை. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நீங்கள் இருந்தீர்கள்.

நாங்கள் குளித்துவிட்டு வந்தபோது வெளியே இன்னும் விடியவில்லை, அக்கா. இந்த முறை நேரத்தோடு செய்துவிட்டோம்.