உன் தங்கையிடம் நான் சொன்ன பொய்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, என்ன விஷயம் என்று மூன்று வாரமாகப் போனில் கேட்கிறாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. நம் வீட்டில் ஒரு அறையில் இருமினால் அடுத்த அறையிலிருந்து தண்ணீர் கொண்டு வருவார்கள், போனில் எதைச் சொல்வது. அதனால்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மடிமேல் வைத்து எழுதுவதால் என்று நினைத்துக்கொள்.

விஷயம் உன் தங்கையைப் பற்றியது, சரியாகச் சொன்னால் என்னைப் பற்றியது. நகரசபைத் தேர்தல் வந்ததும் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினேழு வயது, ஓட்டுக் கிடையாது, ஆனால் ஓட்டு இருக்கிற எங்களைவிட அவளுக்குத்தான் எல்லாம் தெரியும். இரண்டு கட்சிகளின் வாக்குறுதிப் புத்தகத்தையும் வாங்கி வந்து, நடக்கக்கூடியதற்குப் பச்சைப் பென்சில், கதைக்குச் சிவப்புப் பென்சில் என்று கோடு போட்டாள், இரண்டு புத்தகத்திலும் சிவப்புதான் அதிகம். பெரிய கட்சி ஒன்றுமே செய்யவில்லை என்று அவள் சொல்லவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். பாலம் கட்டினார்கள், விளக்குப் போட்டார்கள், ஆனால் இருபது வருஷமாக அவர்களே பேசி அவர்களே கைதட்டிக்கொள்கிறார்கள், எழுந்து நின்று ஏன் என்று கேட்க சபையில் ஒரு ஆளாவது வேண்டாமா என்பாள். பெண்கள் பள்ளியை மூடித் தூரத்துப் பள்ளியோடு சேர்த்தார்களே, அவளோடு படித்த ஆறு பேர் பஸ் இல்லாமல் படிப்பை நிறுத்திவிட்டார்கள், அந்த ஆறு பெயரையும் மூச்சுவிடாமல் சொல்வாள். மருந்துக்கடை அம்மா சின்னக் கட்சி சார்பில் நின்றதும் அவரோடு வீடு வீடாகப் படியேறி இறங்கினாள். அந்தக் கட்சியையாவது சும்மா விட்டாளா, அதுவும் இல்லை. அவர்கள் தலைவர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிகளால்தான் வாடகை ஏறுகிறது என்று மேடையில் பேசிவிட்டார், இது பொய், ஆதாரம் காட்டுங்கள் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. இன்னொரு நாலு பக்கம் அனுப்பினாள்.

உன் அப்பாதான் தெரியுமே, பஸ் டிப்போவில் சேர்ந்த நாள் முதல் பெரிய கட்சி. தட்டில் கை காயும்வரை இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். கடைசியில் அவர், "என் ஓட்டு உனக்குக் கிடையாதும்மா, வேற வீடு பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார், அவளும் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை வர்றேன் சார்" என்பாள். பிறகு என்னிடம் வந்தாள். "அம்மா, எனக்கு ஓட்டு இல்ல. உன் ஓட்டை எனக்காகப் போடுவியா?" என்றாள். "உனக்கு இல்லாம வேற யாருக்குடி" என்று தலையாட்டினேன். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது, நம் வாக்குச்சாவடியில் யார் யார் போடுவதாகச் சொன்னார்கள் என்று எழுதி வைப்பாள். முதல் பெயராக என் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு சூப்பர்வைசர் எங்கள் பதினொரு பேரையும் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆஸ்பத்திரி நகரசபையின் கையில் இருக்கிறது, பெரிய கட்சி ஜெயித்தால் காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் நிரந்தரம், பட்டியல் தயார் என்றார். அதோடு நின்றாரா, "யார் எங்க குத்தினாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். நான் இங்கே சேர்ந்து பதின்மூன்று வருஷம். இஸ்திரி மெஷினில் கை வெந்தபோது மூன்று வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்ததும், திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறு ஒருத்தி நின்றதும் உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது பரீட்சை என்று சொல்லவில்லை. தேர்தலன்று அட்டைத் தடுப்புக்குள் நின்று முத்திரையைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த வேறு ஒருத்தியின் முகம்தான் வந்தது. சின்னவளின் காலேஜுக்காகத்தானே, அவளுக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெரிய கட்சிக்குக் குத்திவிட்டேன். வெளியே வந்தால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். "போட்டியாம்மா?" என்றாள். "போட்டேன்டி" என்றேன். கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள், பத்து வயது தாண்டிய பிறகு அவள் எனக்குக் கொடுத்த முதல் முத்தம் அதுதான்.

மருந்துக்கடை அம்மா தோற்றார், நன்றாகவே தோற்றார், என் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. ஆனால் சாவடிவாரியாக ஓட்டுக் கணக்கைச் சுவரில் ஒட்டினார்கள். மருந்துக்கடை அம்மாவுக்குப் போடுவதாகச் சொன்னவர்கள் நோட்டில் நாற்பத்தொன்று, அவருக்கு விழுந்தது சுவரில் முப்பத்துமூன்று. யார் அந்த எட்டுப் பேர் என்று சின்னவள் சாப்பிடாமல் நோட்டைப் புரட்டினாள். அந்த வாரம் பார்த்து, நோட்டில் பெயர் இருந்த மேல்மாடித் தையலக்காவுக்குப் பெரிய கட்சிக்காரர்கள் வெற்றி ஊர்வலத்துக்குக் கொடி தைக்க ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கைக்காரப் பெண்கள் நாலு பேர் நிற்கும்போது மாடிப்படியில் வைத்து இவள், "கொடி தைக்கிற கூலியிலயே ஓட்டையும் சேத்து வித்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் துணிக்கூடையோடு இரண்டு படி கீழே நின்றேன். தையலக்கா முகம் வெளுத்துப்போனது. மறுநாள் அவர் என்னிடம் வந்து, "என் பிள்ளை மேல சத்தியமா மருந்துக்கடை அம்மாவுக்குத்தான் போட்டேன், உன் பொண்ணு மூஞ்சிக்காகவே போட்டேன். நீயாவது நம்புறியா?" என்றார். நம்புறேன்க்கா என்றேன். நம்பாமல் எப்படி, என்னைவிட அதை யார் நம்ப முடியும். ஆனால் மாற்றிப் போட்டது நான்தான் என்று சொல்லவில்லையடா. கதவைச் சாத்திவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நாலு நாள் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம், தையலக்கா மேலே மெஷின் ஓட்டும் சத்தம் கேட்டதும் இவள் உதட்டைச் சுழித்தாள். "அவங்களை விட்டுடு, அந்த எட்டுல ஒண்ணு நான்" என்றேன். அவள் முனையை விடவில்லை, மடிப்பை முடித்தாள், அப்புறம்தான் உட்கார்ந்தாள். நான் எல்லாம் சொன்னேன், கதவைச் சாத்தியது, பட்டியல், கை வெந்தது, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். "அப்பா என்கூடச் சண்டை போட்டாரு. நீ தலையாட்டின. நீ யாருக்கு வேணா போட்டிருக்கலாம்மா, அது உன் ஓட்டு. ஆனா அந்த அக்காவை நான் கேட்டப்ப நீ பின்னாடிதானே நின்ன?" என்றாள்.  

உடனே எழுந்து மாடிக்குப் போனாள், செருப்புக்கூடப் போடவில்லை. அரை மணி கழித்துக் கண் சிவந்து வந்தாள். தையலக்கா பிறகு சொன்னார், மன்னிப்புக் கேட்டதோடு, "யாரு எங்க குத்தினாங்கன்னு தெரிஞ்சிடும்னு அந்த சூப்பர்வைசர் மிரட்டினாராம். நான் நோட்டு வச்சுக்கிட்டு அதையேதான் செஞ்சிருக்கேன்க்கா" என்றாளாம். தையலக்கா அவளோடு பழையபடி பேசுகிறார், என்னிடம்தான் அப்படி இல்லை. அன்றிலிருந்து ஒன்பது நாள் சின்னவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. செய்தி போட்டால் எழுந்து போய்விடுகிறாள். உன் அப்பா வேண்டுமென்றே அவர்கள் கட்சியைப் பற்றித் தாறுமாறாக நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தார், வம்புக்காவது வருவாளா என்று, "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இந்தப் பெண் வாயை மூடினால் தேவலை என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் நான்.

பத்தாம் நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, அந்த அறையில் சூப்பர்வைசர் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தேர்தல் அதிகாரிக்குப் புகாராக எழுதிக் கொண்டு வந்தாள், ஒரே பக்கம், திட்டு இல்லை, மருந்துக்கடை அம்மா பெயர்கூட இல்லை, வேலையைக் காட்டி மிரட்டக் கூடாது என்பது மட்டும்தான். கீழே இடம் விட்டிருந்தாள். "உன் பேரை நான் எழுதல. நீ எழுதினா உண்டு. வேண்டாம்னா கிழிச்சுப் போடு, ஆனா கிழிச்சேன்னு என்கிட்ட சொல்லிடு" என்றாள்.

மூன்று நாள் அந்தத் தாளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். நிரந்தரப் பட்டியல் பற்றி இதுவரை ஒரு மூச்சும் இல்லை, குழு போட்டிருக்கிறார்களாம். என்னோடு மெஷினில் நிற்கும் நெட்டையிடம் மட்டும் காட்டினேன், அவள் படித்துவிட்டு, "நீ போட்டா நானும் போடுறேன், தனியா போடமாட்டேன்" என்றாள். மற்ற ஒன்பது பேர் படிக்கவே மாட்டேன் என்றார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நேற்று இங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நெட்டையும் போட்டாள். சாயங்காலம் வீட்டில் முதலில் உன் அப்பாவிடம்தான் காட்டினேன், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தார், "எங்க கட்சி பேர்ல ஒருத்தன் இப்படிச் செஞ்சா அது எனக்கும்தான் கேவலம், கொடுக்கப் போறப்ப நானும் கூட வர்றேன்" என்றார். பிறகு, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

நாளை பத்து மணிக்கு நெட்டையோடு சேர்த்து நால்வரும் தேர்தல் அதிகாரியிடம் போகிறோம். சின்னவளிடம் கையெழுத்தைக் காட்டியபோது அவள் தாளை வாங்கி உறையில் போட்டு என் பையிலேயே வைத்தாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் போவதில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்து நடக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு வேறு வரம் வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது உன் தங்கையைக் கூப்பிட்டுப் பேசு, எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நாங்கள் செய்தது சரியா தப்பா என்று அவள் கேட்பாள். தப்பு என்று நினைத்தால் தப்பு என்றே சொல். அம்மாவைப் போல் தலையாட்டிவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
உன் அம்மா