கரீம் பாயின் மேல் செட்

4, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. லேபில் ஏ.சி. ரிப்பேர். பல் அச்சடிக்கும் பிரிண்டர் அறை முழுக்கப் பிசின் நாற்றம்.

அம்மாவின் புதுப் பல்லோடு திருவண்ணாமலை ரோட்டு முதியோர் ஹோமுக்கு. மேல் செட் மட்டும். கீழே சொந்தப் பல் ஆறு மிச்சம். பழைய செட்டை எங்கோ தொலைத்துவிட்டாள். புதியது டாக்டரின் ஆசைப்படி: கல்யாண போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே முன்பல் வரிசை, அதைவிட இரண்டு படி வெள்ளை. டாக்டர் என்றால் என் அண்ணன். விழுப்புரத்தில் கிளினிக். பல் நான் செய்வது, போர்டில் பேர் அவனுடையது. நான் எம்.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. அவனுக்கு இன்றும் பிசினுக்கும் பசைக்கும் வித்தியாசம் தெரியாது.

'மறதி நோய்க்காரர்களுக்கு டிஜிட்டல் பல்செட்' என்று அவனுக்கு வீடியோ வேண்டுமாம். எடுத்தேன். அம்மா இரண்டு முறை மென்றாள். விரலை விட்டு நெம்பினாள். என் சட்டையில் துப்பினாள்.

"இன்னாய்யா இது, குதிரப் பல்லு. எட்துட்டுப் போ, பல்லுக்காரரே."

பெற்ற மகனைப் பல்லுக்காரர் என்கிறாள். தப்பென்றும் சொல்ல முடியாது.

எடை 38. போன மாதம் 43. ஹோமுக்கு வரும் டாக்டரம்மா: "அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். வாயால சாப்பிடலைன்னா மூக்குல ட்யூப்தான்." ட்யூப் போட்டால் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிலில் கட்டுவார்கள். பக்கத்து அறையில் ஒருவரைக் கட்டியிருக்கிறார்கள். விரல்கள் மட்டும் அசைகின்றன.

சட்டைக்கு வினிகர் வாங்க வேண்டும்.

5, செவ்வாய்

ஹோமில் வேலை பார்க்கும் செல்வி போன். "சார், அம்மா ரெண்டு இட்லி துன்னுட்டாங்க! பல்லு போட்டுக்கினு!"

ஓடினேன். அம்மா வாயில் பல் இருந்தது. நான் செய்ததுதான். அம்மாவுக்குச் செய்தது அல்ல. கழற்றிப் பார்த்தேன். தகட்டில், நாக்கு தொடும் பக்கம், புடைத்த எழுத்து: கரீம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த கரீம் பாய். இதே ஹோமில் இருந்தார். இறந்து இருபது நாள்.

செல்வி பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு வாளி. துணிசோப்பு நுரை, அதில் சோற்றுப்பருக்கை, வெற்றிலைத் துணுக்கு, கோழை. அடியில் எட்டுப் பேர் பல்.

"எல்லாத்தையும் ஒண்ணாவா கழுவுற?"

"பின்ன? எல்லாம் ஒரே மாரிதான் இருக்குது சார். யாருக்குப் பொருந்துதோ மாட்டி உட்ருவேன்."

"செத்தவங்க பல்லையுமா?"

"செத்துட்டாருன்னு அதுல எய்தியா இருக்குது?"

பேர் எழுதித்தான் இருந்தது. யார் பார்க்கிறார்கள்.

வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தால் அம்மா அழுகிறாள், "என்து எங்க, என்து எங்க" என்று. மருந்தில் ஊறவைத்துக் கழுவி மாட்டிவிட்டேன். தளர்வுதான். ஆனாலும் கழற்ற விடவில்லை.

இதை ஒருவரிடமும் சொல்லப்போவதில்லை.

6, புதன்

சொல்லிவிட்டேன். அண்ணனிடம், போனில்.

"சீ! செத்தவன் எச்சில்டா. தூக்கிக் குப்பையில போடு. என் டிசைன்ல இன்னா கொற? பழகணும், அவ்ளோதான்."

பழகுவதற்கு ஞாபகம் வேண்டும். இதைக் கூடவா காலேஜில் சொல்லித்தரவில்லை.

மதியம் கரீம் பாயின் மகள் நசீமா லேபுக்கு வந்தார். ஹோமில் கொடுத்த பையில் கண்ணாடி, தொப்பி, வாட்ச். பல் இல்லை. "அத்தா சிரிச்சதே அதுலதான சார். எனக்கு வேணும்."

பொய் தயாராக இருந்தது. ஏனோ சொல்லவில்லை. எங்கம்மா வாயில் இருக்கிறது என்றேன். முகம் சுளித்தார். சுளிக்கத்தான் செய்வார்கள். பையை மூடிக்கொண்டே, "சாப்புடுறாங்களா?"

"ம்."

"அப்ப ஞாயித்துக்கெயம வந்து வாங்கிக்கிறேன். ஆனா குடுத்துடணும்."

7, வியாழன்

அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களால் ரோடே அடைப்பு. ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஒரு மணி நேரம். பக்கத்தில் இருந்தவர் என் தோளில் எச்சில் வழியத் தூங்கினார். இந்த வாரம் என் சட்டைகளுக்கு நேரம் சரியில்லை.

அம்மாவின் ஈறு ஸ்கேன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. (முன்பு மாவு வைத்து அளவெடுத்தபோது என் விரலைக் கடித்தாள். தழும்பு.) அவள் தூங்கியதும் பாய் செட்டைக் கழற்றி ஸ்கேன் செய்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே பல்: ஈறில் உட்காரும் பக்கம் அம்மாவுடையது, நாக்கு தொடும் பக்கம் பாயுடையது. அசலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தேய்ந்த முனைகளை நிரப்பினேன். மஞ்சளைக் குறைத்தேன். எழுத்தை வழித்து மழமழப்பாக்கினேன். அண்ணனுக்குத் தம்பிதானே.

பாதி பிரிண்டில் கரண்ட் கட். மறுபடி முதலிலிருந்து.

8, வெள்ளி

துப்பினாள். தரையில். சட்டை தப்பியது.

செல்வி: "பாய் பல்லு போட்டா வாய்க்குள்ள நாக்கால எதையோ தடவிக்கினே இருப்பாங்க சார். இதுல அது இல்ல போல."

எழுத்து.

பாய்க்கு மறதி ஆரம்பித்த சமயம் அவரே கேட்டது. "பேர மேல தூக்கினாப்ல போடு சார். நாக்குக்குத் தட்டுப்படணும்." போட்டேன். டாக்டர், நோயாளிகள் முன்னால்: "சோறு ஒட்டும், புண்ணாவும். படிச்சவன் செய்யற வேலையாடா?" எந்தச் சட்டை போட்டிருந்தான் என்பது வரை நினைவிருக்கிறது.

9, சனி

தேய்மானத்தோடு, மஞ்சளோடு, எழுத்தோடு அச்சடித்தேன். எழுத்தின் விளிம்பை மட்டும் உரசிவிட்டேன், புண் வராதபடி. பேர் அப்படியே இருக்கலாமா என்று நசீமாவிடம் போனில் கேட்டேன். சிரிக்கிறார்.

"கத்திரிக்கோலு, ஸ்கேலு, தண்ணி பாட்டிலு, எல்லாத்துலயும் அத்தா பேரு போட்டு வெப்பாரு சார். அப்பயும் எவனாவது எட்துட்டுப் போயிடுவான். நீங்க ஒருத்தர்தான் கேட்டுட்டு எடுக்குறீங்க."

10, ஞாயிறு

மாற்றினேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. இட்லி இரண்டு, கொஞ்சம் பொங்கல். நாக்கு மேலே போய் எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

நசீமா அசலைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். நசீமா அங்கேயே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

11, திங்கள்

எடை 38.5. டாக்டரம்மா: "இப்போதைக்கு ட்யூப் வேணாம்."

பதினொரு மணிக்கு அண்ணன், காரில், போன் ஸ்டாண்டோடு. அம்மா சாப்பிடுவதைப் பார்த்து, "நான் சொல்லல? பழகிட்டாங்க." அவன் டிசைன் என்றே நினைப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைத் திறக்கச் சொன்னான். கேமராவைக் கிட்டே கொண்டுபோனான். படித்தான்.

"டேய். அம்மா வாயில பாய் பேரா? சொந்தக்காரங்க பார்த்தா இன்னா சொல்லுவாங்க? கழட்டு." நான் அசையாததால் அவனே விரலை விட்டான்.

கடித்தாள். நல்ல ரத்தம். செட் இம்மி நகரவில்லை. பொருத்தம் சரி.

நாளை: ஏ.சி. ஆள். வினிகர். அம்மாவுக்கு ஸ்பேர் செட் ஒன்று, எழுத்தோடு.