சோடா விளம்பரச் சுவரும் ஹைருன் அக்காவும்

தென்காசி

அன்புள்ள அப்பாவுக்கு,

வான்மதி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? தக்காளிச் செடி காய்ப்புக்கு வந்துவிட்டதா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய விளம்பரங்களைப் புத்தகத்துக்காகப் படமெடுக்கும் வேலை நன்றாகப் போகிறது. போன வாரம் குற்றாலம் சாலையில், ஒரு சுவரில் நிறம் மங்கிக் கிடந்த கலர் சோடா விளம்பரத்தை எடுக்க ஏணியில் ஏறினேன். படமெடுக்கும் முன்பே சாரலில் கால் வழுக்கிவிட்டது. வெறும் சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றுமில்லை. அந்தச் சுவருக்கு எதிர்வீட்டு ஹைருன் பீவி அக்கா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பிறகு தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கிப்போய்ச் சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தப் புள்ள காலு சுளுக்கிக் கெடக்கது இதுக்காவத்தான். அது வந்து போட்டோ எடுக்கட்டும், பொறவு அடிங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். நான் அக்காவின் தோளைப் பிடித்து நொண்டிப்போய்ப் படமெடுத்தேன். சுவரில் மிச்சமிருந்தது ஒரு பாட்டிலும் அதைப் பிடித்த கையும்தான். ஆனாலும் இதுவரை எடுத்ததில் அதுதான் அழகு. மதியத்துக்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கொள்ளுப்பொடி அனுப்புங்கள். உங்கள் பழைய போர்வையையும் வையுங்கள். கடைப் போர்வையில் தூக்கம் வரவில்லை.

இப்போது அக்கா எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கா எழுதுத? விழுந்ததச் சொல்லாத ஏட்டி, பயந்துருவாக" என்கிறார். நான்தான் ஏற்கெனவே எழுதிவிட்டேனே! தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பயப்படாதீர்கள் அப்பா, அக்கா பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் மகள்
வான்மதி